கூவத்தின் மேல் அடிக்கும் வெயில் கூவத்தை ஏன் சுத்தம் செய்வதில்லை?

சென்னையில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு, வெயிலுக்கு வந்ததில்லை. நகரம் வடக்கு அட்சரேகை 13 பாகையில் அமைந்திருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டி மறுமுறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கிறது. ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால், ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியின் மேல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் விழுகிறது. வெயில் கிருமியைக் கொல்லும் என்று சொல்லித்தான் பாயையும் தலையணையையும் மாடியில் காயப்போடுகிறோம். அப்படியானால், நேப்பியர் பாலத்தடியில் ஓடும் கூவத்தின் மேலும் ஆண்டு முழுவதும் அதே வெயில்தானே அடிக்கிறது, அது ஏன் இன்னும் சுத்தமாகவில்லை? சிறுபிள்ளை கேட்கும் கேள்வி போலத் தோன்றினாலும், வெயிலைக் கொண்டு நீரைச் சுத்தம் செய்யும் கலையின் அடிப்படை முழுவதும் இதற்கான பதிலில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் 'அழுக்கு' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நீரில் மிதக்கும் மண்ணும் வண்டலும் ஒருவகை. இவற்றால் நீர் கலங்கித் தெரியும். நோயைத் தரும் பாக்டீரியா, வைரஸ் போன்ற நுண்ணுயிர்கள் இன்னொரு வகை. பளிங்கு போல் தெளிந்த நீரிலும் இவை கோடிக்கணக்கில் இருக்கலாம். கடலோரப் பகுதிகளில் போர்வெல் நீரை வாயில் வைக்க முடியாமல் செய்யும் கரைந்த உப்புகள் மூன்றாம் வகை. சாயம், பூச்சிக்கொல்லி, மருந்துக் கழிவு, சாக்கடைக் கழிவு ஆகியவற்றில் உள்ள கரிமப் பொருள்கள் நான்காம் வகை. வெயிலும் ஒரே பொருளன்று. அதில் ஒளி இருக்கிறது, வெப்பம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் சிறிதளவு இருக்கிறது. எந்த அழுக்குக்கு வெயிலின் எந்தப் பகுதி என்று பொருத்தத் தெரிய வேண்டும்; 'சூரிய ஒளியில் நீர் சுத்திகரிப்பு' என்று பொதுவாகச் சொல்பவர்களிடம், எந்த அழுக்கை எடுக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதே முறை.

கிருமியிலிருந்து தொடங்குவோம். சூரிய ஒளி பாக்டீரியாக்களை அழிக்கிறது என்பதை 1877இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளன்ட் என்ற இருவர் காட்டினர். நுண்ணுயிர் வளரக்கூடிய திரவத்தைச் சோதனைக் குழாய்களில் ஊற்றிச் சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை மறைத்தும் வைத்தபோது, மறைத்து வைத்தவை கலங்கிப்போயின. வெயில் பட்டவை தெளிவாகவே இருந்தன. ஒரு நூற்றாண்டு கழித்து, பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஃப்திம் அக்ராவும் அவருடைய குழுவினரும் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலை வெயிலில் வைத்தே கிருமி நீக்கலாம் என்று அவர்கள் 1980இல் எழுதினர். மருந்தைக் கரைக்கும் நீரே நோயைக் கொண்டுவரும் இடங்களில் இது எத்தனை பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1991 முதல் சுவிட்சர்லாந்தின் நீர் ஆய்வு நிறுவனமான ஈயாவாக் இதை எளிய வீட்டு முறையாகச் செம்மைப்படுத்திப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றது. இன்று 'சோடிஸ்' என்று அழைக்கப்படும் இந்த முறையை உலகச் சுகாதார நிறுவனமும் வீட்டளவில் குடிநீரைப் பாதுகாக்கும் வழிகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது.

செய்முறை இவ்வளவுதான்: ஒன்று அல்லது இரண்டு லிட்டர் கொள்ளும், நிறமற்ற, கீறல் விழாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, மூடியை இறுக்கி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கை வசமாகக் கிடத்த வேண்டும். வானத்தில் பாதிக்கு மேல் மேகம் இருந்தால் அடுத்தடுத்து இரண்டு நாள் வைக்க வேண்டும். தொடர் மழை நாளில் இந்த முறை பலிக்காது.

எளிய முறைதான் என்றாலும், அதன் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு காரணம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் செய்தால் ஏமாந்துபோவோம். வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கும் புற ஊதா வடிகட்டியில் உள்ள விளக்கு 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை வெளியிடுகிறது. அது கிருமியின் மரபணுவை நேரடியாகத் தாக்குவதால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் சூரியனிலிருந்து வரும் அந்த வகைக் கதிரை ஓசோன் படலம் முழுவதுமாகத் தடுத்துவிடுவதால் (தடுக்காவிட்டால் நாமும் இருக்க மாட்டோம்), நம் மாடிக்கு வந்து சேர்வதும் பாட்டிலைத் தாண்டி நீருக்குள் நுழைவதும் பெரும்பாலும் 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள மென்மையான புற ஊதாக் கதிர்தான். அது கிருமியைச் சுற்றி வளைத்துத்தான் கொல்கிறது: செல்லுக்குள் இருக்கும் சில மூலக்கூறுகள் அந்த ஒளியை உள்வாங்கி, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை வீரியமிக்க வடிவங்களாக மாற்றுகின்றன, அவை செல்லின் சவ்வையும் நொதிகளையும் மரபணுவையும் சிறிது சிறிதாக அரிக்கின்றன. ஆறு மணி நேரம் தேவைப்படுவது இதனால்தான். பாட்டிலில் முக்கால் பங்கு நீரை ஊற்றி, சுமார் இருபது நொடி நன்றாகக் குலுக்கிவிட்டுப் பிறகு முழுதும் நிரப்பச் சொல்வதும் ஆக்சிஜன் நன்கு கரைய வேண்டும் என்பதற்காகத்தான்.

வெப்பமும் இதில் கைகொடுக்கிறது. நீரின் வெப்பநிலை 45 பாகைக்கு மேல் போகும்போது ஒளியும் சூடும் ஒன்றுக்கொன்று துணையாகிக் கிருமிகள் வேகமாக மடிகின்றன. 50 பாகையைத் தாண்டிவிட்டால் ஒரு மணி நேரமே போதும். எனவே பாட்டிலைத் தகரத் தகட்டின் மேலோ கருமையான பரப்பின் மேலோ கிடத்துவது நல்லது. வடாம் காயப்போட இடம் பார்ப்பது போலவேதான்: தொட்டியின் நிழலோ பக்கத்து வீட்டுச் சுவரின் நிழலோ மதியத்துக்கு மேல் விழாத இடமாகப் பார்க்க வேண்டும்.

கலங்கிய நீர் இதற்கு உதவாது. மிதக்கும் மண்துகள் ஒவ்வொன்றும் கிருமிக்கு ஒரு குடை. நீர் போதிய அளவு தெளிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாளின் தலைப்பு எழுத்தின் மேல் நிற்கவைத்து, வாய்ப்பக்கமிருந்து கீழே பார்த்தால் அந்தப் பெரிய எழுத்துகள் படிக்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதலில் தெளியவைத்து, மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். இதற்காகத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் இழைக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. முருங்கை விதைத் தூளும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் வண்டலை ஒன்றுசேர்த்து அடியில் படியவைக்கும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

வாசலில் வந்து இறங்கும் 20 லிட்டர் கேனை அப்படியே மாடியில் வைத்தால் என்ன என்று தோன்றலாம். அது பயன்படாது, பெரும்பாலான கேன்களில் நீல நிறம் ஏறியிருக்கும், அதன் குறுக்களவும் மிக அதிகம். நீரின் ஆழம் 10 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கதிர் வலுவிழந்துவிடும். பெட் பாட்டிலிலிருந்து நஞ்சு இறங்காதா என்ற அச்சமும் இயல்பானதே. இந்த முறையில் ஒரு நாள் வெயிலில் வைத்த பாட்டில்களின் நீரை ஆராய்ந்தபோது, அதில் கலந்த பொருள்கள் குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கீழேயே இருந்தன. ஆனால் அதே நீரை வாரக்கணக்கில் சூட்டில் அடைத்து வைப்பது வேறு கதை, அதைச் செய்யக் கூடாது. குளோரின் போல இந்த முறை நீரில் எந்தப் பாதுகாப்பையும் விட்டுவைப்பதில்லை என்பதால், வைத்த பாட்டிலிலிருந்தே, ஓரிரு நாளுக்குள் குடித்துவிட வேண்டும். வேறு பாத்திரத்தில் ஊற்றினால் அந்தப் பாத்திரத்தின் கிருமி வந்து சேரும்.

இதன் பலனைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. கென்யாவின் மாசாய் மக்களிடையே நடந்து 1996இல் வெளியான ஆய்வில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஓரளவு குறைந்தது. பொலிவியாவில் 22 கிராமங்களில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அங்கே சராசரியாக மூன்றில் ஒரு பங்கினரே முறையாகப் பாட்டிலை வெயிலில் வைத்தனர். கிருமி சாகிறது என்பதில் ஐயமில்லை. நாள்தோறும் ஆறு பாட்டிலை மாடிக்கு ஏற்றி இறக்க மனிதர்கள் சளைத்துப்போகிறார்கள் என்பதுதான் சிக்கல். சென்னைக்கு இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒன்றாகி, இப்படியொரு முறை மிகவும் தேவைப்பட்ட நாள்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்தன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் இந்த ஊரின் வானம் மூடிக்கிடக்கும். மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த பிறகும் மின்சாரமும் எரிவாயுவும் வந்து சேராத இடைவெளியில்தான் பாட்டில் முறை இங்கே கைகொடுக்கும்.

இப்போது கூவத்துக்கு வருவோம். அந்தக் கரிய நீருக்குள் புற ஊதாக் கதிர் சில சென்டிமீட்டர்கூட இறங்குவதில்லை. மேற்பரப்பில் சில கிருமிகள் சாகும். அடியில் மற்றவை பெருகிக்கொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய காரணம் கழிவின் அளவு. சாக்கடைக் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத வேறு நுண்ணுயிர்கள் பொறுப்பேற்று ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. அது நீரிலுள்ள இரும்போடு சேரும்போதுதான் கறுப்பு நிறம் வருகிறது. ஆற்றின் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்வதால் கடல் நீரும் சரிவரப் புகுந்து கலப்பதில்லை. அதே சாக்கடையை ஒரு மீட்டர் ஆழமுள்ள அகன்ற குளங்களில் அடுத்தடுத்துப் பல நாள் தேக்கிவைத்தால் வெயில் அதைச் சுத்தம் செய்துவிடும்: பாசி வளர்ந்து, ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனைத் தரும், நீரின் காரத்தன்மை உயரும், தெளிந்த கடைசிக் குளத்தில் கதிர் ஊடுருவி எஞ்சிய கிருமிகளைக் கொல்லும். நிலம் மலிவாகக் கிடைக்கும் ஊர்களில் இத்தகைய நிலைப்படுத்தும் குளங்கள் நன்றாகவே செயல்படுகின்றன. கூவத்துக்கு அந்த அகலமும் இல்லை, அவகாசமும் இல்லை. ஒவ்வொரு மணி நேரமும் புதுக்கழிவு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

சாயத்தையும் பூச்சிக்கொல்லியையும் சிதைக்கும் வேலைக்கு வெயிலுக்கு ஒரு கூட்டாளி தேவை. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுவர்ப் பெயின்டின் வெண்மையும் பல பற்பசைகளின் வெண்மையும் அதுதான். அதன் மேல் புற ஊதா ஒளி விழும்போது அதிலுள்ள எலெக்ட்ரான் ஒன்று தன் இடத்தை விட்டு மேலே தாவுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் அருகிலுள்ள நீர் மூலக்கூற்றிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கிறது. அப்போது பிறப்பதுதான் ஹைட்ராக்சில் தனி உறுப்பு. குளோரினையும் ஓசோனையும்விட வலிமையான இந்த ஆக்சிஜனேற்றி, எதிர்ப்படும் எந்தக் கரிம மூலக்கூற்றையும் கடித்துக் குதறி, போதிய நேரம் கிடைத்தால் கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடும். தூள் மட்டும் செலவாகாது, அது வினையூக்கி. இந்தத் தூளால் ஆன மின்முனையின் மேல் ஒளி விழுந்தால் நீரே பிளவுபடுகிறது என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை பெருகியது.

ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் நீலச் சாயம் ஒரு மணி நேரத்தில் வெளுத்துப்போவதைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் நிறம் போனது சாயம் முற்றிலும் அழிந்ததற்குச் சான்றாகாது. நிறம் தரும் பிணைப்பு மட்டும் அறுந்து, மீதித் துண்டுகள் நீரிலேயே இருக்கலாம், சில வேளை அவை மூலப்பொருளைவிடத் தீயவையாகவும் இருக்கலாம். தவிர, சூரிய ஒளியில் இந்தத் தூள் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய புற ஊதாப் பகுதி நூற்றுக்கு ஐந்து பங்குக்குள்தான். ஹைட்ராக்சில் தனி உறுப்பின் ஆயுளோ நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பதால், அது பிறந்த இடத்தை ஒட்டியுள்ளவற்றைத்தான் தாக்க முடியும். பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் பதனிடும் தொழில் முதல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் வரை நம் மாநிலக் கழிவுநீரில் உப்பு மிகுதி. குளோரைடும் பைகார்பனேட்டும் அந்தத் தனி உறுப்பை இடையிலேயே தின்றுவிடும். ஸ்பெயினின் அல்மேரியாவில் உள்ள சூரிய ஆய்வு மையத்தில் வளைந்த கண்ணாடிகளால் ஒளியைக் குழாய்களின் மேல் குவித்து இத்தகைய முறைகளைப் பெரிய அளவில் பல ஆண்டுகளாகச் சோதித்துவருகின்றனர். நமக்கு இது இப்போதைக்கு முன்சுத்தம் செய்யப்பட்ட நீரில் எஞ்சும் சிறிதளவு நஞ்சைப் போக்கும் கடைசிப் படியாக மட்டுமே பொருந்தும் என்பது என் கருத்து.

உப்பு எஞ்சியிருக்கிறது. ஒளியால் உப்பை எதுவும் செய்ய முடியாது. அதைச் சிதைத்து வேறொன்றாக்கும் வழியே இல்லை. நீரை உப்பிடமிருந்து பிரித்தெடுப்பதுதான் வழி, அதற்கு வெப்பம் வேண்டும். கேளம்பாக்கத்துப் பக்கம் போனால் வெயில் இந்த வேலையைத் திறந்தவெளியில் செய்வதைப் பார்க்கலாம். அங்கே உப்பளத்துப் பாத்தியில் கடல்நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்குகிறது. உப்பளத்துக்காரருக்கு வேண்டியது உப்பு. காற்றில் போன நல்ல நீரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அந்தப் பாத்தியின் மேல் சாய்வாக ஒரு கண்ணாடிக் கூரை போட்டால், போகிற ஆவி கண்ணாடியின் அடியில் துளியாகப் படிந்து, சரிவு வழியே வழிந்து, ஓரத்து வாய்க்காலில் சேரும். இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது அதன் உட்புறத்திலிருந்து சொட்டுகிறதே, அதே நீர்தான். இந்த அமைப்புக்குச் சூரிய வாலை என்று பெயர். உப்பு, கிருமி, ஃபுளூரைடு, உலோகம் எல்லாம் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் போல எளிதில் ஆவியாகும் பொருள் கலந்திருந்தால் மட்டும் அதுவும் கூடவே மேலேறி வந்துவிடும். வட சிலியின் பாலைவனத்தில் லாஸ் சலினாஸ் என்ற இடத்தில் 1872இலேயே ஏறத்தாழ 4,700 சதுர மீட்டர் பரப்பில் இப்படி ஒரு நிலையம் கட்டி, வெடியுப்புச் சுரங்கத்தின் கோவேறு கழுதைகளுக்கு நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கு மேல் நல்ல நீர் எடுத்தனர்.

அப்படியானால் சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் எதற்குக் கோடிக்கணக்கில் செலவழித்து, மின்சாரத்தையும் விழுங்கும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம்? இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.67 யூனிட் ஆற்றல் வேண்டும். அதே லிட்டரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப் போல இது எட்டு மடங்கு. சதுர மீட்டருக்கு 5 யூனிட் வெயில் முழுவதும் பயன்பட்டாலும் ஏழரை லிட்டருக்கு மேல் வராது. வெப்ப இழப்பெல்லாம் போக நடைமுறையில் நான்கு லிட்டர் வந்தால் நல்ல நாள். நெம்மேலியில் 2013இல் தொடங்கிய நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதை வாலையால் எடுக்க 25 சதுர கிலோமீட்டர் கண்ணாடிக் கூரை வேண்டும். கிண்டி தேசியப் பூங்காவைப் போல ஒன்பது பூங்கா. ஆர்.ஓ. முறையோ நீரை ஆவியாக்குவதில்லை. அழுத்தம் கொடுத்துச் சவ்வின் வழியே பிதுக்குகிறது. அதற்கு ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் போதும். ஒரு சதுர மீட்டர் சோலார் பேனல் நாளொன்றுக்குத் தரும் ஏறக்குறைய ஒரு யூனிட்டைக் கொண்டு 250 லிட்டருக்கு மேல் கடல்நீரை நல்ல நீராக்கலாம். அதே வெயில், அதே ஒரு சதுர மீட்டர். வாலையில் நான்கு லிட்டர். வெயிலால் கடல்நீரைக் குடிநீராக்குவது என்ற சொற்றொடரைக் கேட்டவுடன் நம் மனத்தில் கண்ணாடிக் கூரை தோன்றுகிறது, ஆனால் பெரிய நகரத்துக்குப் பொருந்துவது பேனலும் பம்பும்தான்.

கடலே சேமித்து வைத்திருக்கும் வெயிலைப் பயன்படுத்தும் இன்னொரு வழியும் உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் அமைத்த நிலையத்தில், வெயிலில் வெதுவெதுப்பான கடலின் மேற்பரப்பு நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்துக்குள் செலுத்தி ஆவியாக்குகின்றனர். ஆழத்திலிருந்து எடுத்த குளிர்ந்த நீரால் அந்த ஆவியை மீண்டும் நீராக்குகின்றனர். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கிறது. கரையை ஒட்டியே கடல் செங்குத்தாக ஆழமாகும் தீவுக்குத்தான் இது எளிது. சென்னைக் கடற்கரையில் அத்தகைய ஆழத்தை எட்டப் பல கிலோமீட்டர் போக வேண்டும்.

வாலையை அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதற்குச் சவ்வு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. ஒரு வீட்டுக்கு நாளுக்கு நான்கு லிட்டர் குடிக்கப் போதாமல் போகலாம். ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றக் கடையில் காசு கொடுத்து வாங்கும் டிஸ்டில்ட் வாட்டர் இதே நீர்தான். உட்புறம் கறுப்பு பூசிய அகலமான தட்டில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போர்வெல் நீர், மேலே தென்பக்கம் சரியும் கண்ணாடி, காற்றுப் புகாமல் ஓரங்களில் சிலிகான் பசை, துளிகள் சேர இரும்பு கலக்காத ஒரு வாய்க்கால், அதன் முனையில் மூடிய பாட்டில் ஆகியவை இருந்தால் மொட்டைமாடியிலேயே செய்துகொள்ளலாம். புதிய பசையும் பூச்சும் விடும் வாடை போகும்வரை முதல் சில நாள் நீரைக் கொட்டிவிட வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை தட்டில் படியும் உப்பைச் சுரண்டிக் கழுவ வேண்டும்.